9000 சுற்றா, 2.3 லிட்டரா? டர்போ இன்ஜினைக் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி இதுதான். மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ இன்ஜினை முழுதாகப் பிரித்துத் திரும்பக் கட்டப் போகிறீர்கள். இலக்கு சுமார் 500 குதிரைத்திறன். டர்போ ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இருக்கும் 88 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) கிராங்கையே வைத்து 2.0 லிட்டராகக் கட்டி நிமிடத்துக்கு 9000 சுற்று வரை ஓட்டுவதா, இல்லை 100 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு 2.3 லிட்டராக்கி, குறைந்த சுற்றில் ஓட்டுவதா? வண்டி பெரும்பாலும் சாலையில் ஓடும், அவ்வப்போது ரேஸ் டிராக்குக்குப் போகும். கியர்பாக்ஸ் கம்பெனியில் வந்த ஐந்து கியர் பெட்டியேதான்.

உங்கள் நிலையில் என் பதில் 2.3 லிட்டர். ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட வேண்டாம். நீங்கள் சொன்ன விவரங்களில் ஒன்று மாறினாலும் பதில் மாறக்கூடும். அதனால் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகவே போட்டுப் பார்ப்போம்.

முதலில் பவர். லிட்டர் கூடினால் பவர் கூடும் என்ற எண்ணம் டர்போ இல்லாத இன்ஜின்களிலிருந்து வந்தது. டர்போ இன்ஜினில் உச்ச பவரை முடிவு செய்வது, டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைத் தள்ள முடியும் என்பது. பெட்ரோலில் 500 குதிரைத்திறன் வேண்டுமென்றால் ஏறத்தாழ நிமிடத்துக்கு 22 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றை 2.0 லிட்டர் விழுங்கினாலும் 2.3 லிட்டர் விழுங்கினாலும் கிடைப்பது கிட்டத்தட்ட அதே பவர். டர்போ ஒன்றே என்றால் உச்ச எண்ணும் ஒன்றுதான். எந்தச் சுற்றில் அது வருகிறது, அதற்கு எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) தேவைப்படுகிறது என்பவைதான் மாறும்.

இப்போது பிஸ்டன் வேகத்துக்கு வருவோம். முழு விவாதமும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பிஸ்டனின் சராசரி வேகம் என்பது ஸ்ட்ரோக்கின் இரு மடங்கை ஒரு நொடிக்கான சுற்றுகளால் பெருக்கினால் வருவது. 88 மி.மீ. கிராங்க் 9000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 26.4 மீட்டர். 100 மி.மீ. கிராங்க் அதே 9000-இல் ஓடினால் 30 மீட்டர். சாலையில் ஓடும், பல வருடம் உழைக்க வேண்டிய இன்ஜினுக்கு 25-ஐ ஒட்டிய எண்ணே நிம்மதி. 26-27 என்பது நல்ல ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, வலுவான) பாகங்களுக்கான எல்லை. 30 என்பது அடிக்கடி பிரித்துப் பார்க்கும் ரேஸ் இன்ஜினுக்குரியது. ஆக நியாயமான ஒப்பீடு இரண்டையும் ஒரே சுற்றில் வைத்துச் செய்வது கிடையாது. ஒரே பிஸ்டன் வேகத்தில் வைக்க வேண்டும். 88 மி.மீ. கிராங்கின் 9000-க்கு இணை, 100 மி.மீ. கிராங்கின் 7920.

அந்த இரண்டு புள்ளிகளிலும் இன்ஜின் எவ்வளவு காற்றை விழுங்குகிறது என்று பாருங்கள். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், இரண்டிலும் 85 மி.மீ. முதலாவது 1997 சிசி, இரண்டாவது 2270 சிசி. 1997-ஐ 9000-ஆல் பெருக்கினாலும் 2270-ஐ 7920-ஆல் பெருக்கினாலும் வருவது ஒரே எண். இது தற்செயல் இல்லை. பிஸ்டனின் பரப்பும் வேகமும் சமமாக இருக்கும்போது உள்ளே வரும் காற்றும் சமமாகத்தான் இருக்கும். ஸ்ட்ரோக்கை நீட்டி நீங்கள் கூடுதல் காற்று எதையும் வாங்கவில்லை. அதே காற்றை குறைந்த சுற்றில் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

கீழ்ப்பக்கமும் இதே விகிதத்தில் நகர்கிறது. உங்கள் டர்போ 2.0 லிட்டரில் 4500 சுற்றில் முழு பூஸ்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டர்பைனைச் சுழற்ற ஏறத்தாழ அதே அளவு எக்ஸாஸ்ட் ஓட்டம் வேண்டும், 2.3 லிட்டர் அதை 3960-ஐ ஒட்டி கொடுத்துவிடும். இப்போது பவர் பேண்டை, அதாவது முழு இழுவை கிடைக்கும் சுற்று வரம்பை, எழுதிப் பாருங்கள். ஒன்று 4500 முதல் 9000 வரை, இன்னொன்று 3960 முதல் 7920 வரை. இரண்டிலும் மேல் எல்லை கீழ் எல்லையின் சரியாக இரு மடங்கு. கியர்பாக்ஸின் கண்ணுக்கு இரண்டு பேண்டுகளும் ஒரே அகலம். ஸ்ட்ரோக்கர் (நீண்ட ஸ்ட்ரோக் கிராங்க் போட்ட இன்ஜின்) கட்டினால் பேண்ட் அகலமாகும் என்று பலரும் நம்புகிறார்கள். ஸ்ட்ரோக்கரையும் 9000 வரை ஓட்டினால்தான் அது அகலமாகும். அதற்கான விலை அந்த 30 மீட்டர் வேகம்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வண்டி எந்தச் சுற்றில் அதிக நேரம் இருக்கிறது என்பதை வைத்துத்தான்.

டிராக்கில் முழு வேகத்தில் ஓட்டும்போது கியர் மாற்றினால் சுற்று சுமார் 28 சதவீதம் விழுகிறது என்று கொள்ளுங்கள். 9000-இல் மாற்றினால் 6480-க்கு வரும். 7900-இல் மாற்றினால் 5690-க்கு வரும். இரண்டு இன்ஜினுமே அந்த இடத்தில் முழு பூஸ்டில் இருக்கின்றன. நேர்கோட்டில் ஓடும்போது டர்போ லேக் (பூஸ்ட் வரும்வரை ஏற்படும் தாமதம்) என்ற பேச்சே எழாது. மாறாக, 9000 வரை போகும் இன்ஜின் அதே கியரில் கூடுதல் வேகம் வரை நிற்கும். 2-ஆம் கியரில் 7900 சுற்றுக்கு 100 கி.மீ. வேகம் வரும் வண்டி, 9000-க்கு 114 கி.மீ. போகும். ஒரு வளைவுக்கு முன்னால் ஒரு கியர் மாற்றம் மிச்சமாகும் என்றால் டிராக்கில் அது பெரிய லாபம். நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸிலும் இதே கதைதான். அங்கே 2.0-வை உயர்ந்த சுற்றில் ஓட்டுபவர்களிடம் நான் ஒருபோதும் வாதாட மாட்டேன்.

சாலை வேறு உலகம். 3-ஆம் கியரில் 3000 சுற்றில் ஒரு லாரியின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறீர்கள், முந்த வேண்டும். 2.0 லிட்டரில் 4500 வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லை ஒரு கியர் இறக்க வேண்டும். 2.3-இல் 4000-க்கு முன்பே இழுவை வந்துவிடும். அதற்கு முன்பும் பூஸ்ட் இல்லாத நிலையில் சுமார் 14 சதவீதம் கூடுதல் டார்க் (சுழற்று விசை) கையில் இருக்கிறது. சாலையில் அந்த 3000-4500 பகுதியில்தான் வண்டியின் வாழ்க்கையில் பெரும்பகுதி கழிகிறது. 9000 சுற்று இன்ஜின் அங்கே மந்தமாகவே இருக்கும். அதன் பெரிய கேம்ஷாஃப்ட்கள் அந்த மந்தத்தை இன்னும் கூட்டும். உங்களுக்கு 2.3 என்று சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

பூஸ்டையும் பாருங்கள். ஒரே சுற்றில் ஒரே காற்றை எடுக்க, பெரிய இன்ஜினுக்குக் குறைந்த அழுத்தம் போதும். 2.0 லிட்டருக்கு 2 பார் பூஸ்ட் தேவைப்படும் இடத்தில், வெளிக்காற்று அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2.3-க்கு ஏறத்தாழ 1.64 பார் போதும். அழுத்தம் குறைந்தால் காற்று குறைவாகச் சூடாகும், நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே பற்றிக்கொள்வது) அபாயம் குறையும். பங்க் பெட்ரோலில் ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள் கிடைக்கிறவர்களுக்கு இதன் முக்கியத்துவம் குறைந்துவிடும்.

அடுத்து, எது உடையும் என்ற கேள்வி. இரண்டு வழிகளும் வேறு வேறு விதமாக உடையும். உயர்ந்த சுற்றில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு எதிரி பூஸ்ட் அல்ல, பிஸ்டனின் சொந்த எடைதான். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டன் மேலே போய் நிற்கும்போது அதைத் தடுத்துக் கீழே தள்ள எரிவாயு அழுத்தம் எதுவும் இல்லை. முழு இழுவிசையும் ராடும் ராட் போல்ட்டும் தாங்க வேண்டும். 88 மி.மீ. ஸ்ட்ரோக்கும் 150 மி.மீ. ராடும் உள்ள 4ஜி63-இல், 9000 சுற்றில் அந்த முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 5000 மடங்குக்கும் மேல். பிஸ்டன், அதை ராடோடு இணைக்கும் பின், ராடின் மேல்முனை எல்லாம் சேர்ந்து அரை கிலோ என்றால், ஒவ்வொரு முறையும் இரண்டரை டன்னுக்கு மேல் இழுவை. இது சுற்றின் வர்க்கத்தில் ஏறும்: 8000-இலிருந்து 9000-க்குப் போனால் 27 சதவீதம் கூடும். கடைசி ஆயிரம் சுற்றுதான் இன்ஜினின் ஆயுளைத் தின்பது.

இங்கே ஸ்ட்ரோக்கருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். நீண்ட ஸ்ட்ரோக் ராடைக் கொன்றுவிடும் என்று சொல்பவர்கள் ஒரே சுற்றில் ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். ஒரே பிஸ்டன் வேகத்தில் ஒப்பிட்டால் 100 மி.மீ. கிராங்க் 7920-இல் தரும் உச்ச முடுக்கம், 88 மி.மீ. கிராங்க் 9000-இல் தருவதைவிட சுமார் 9 சதவீதம் குறைவு. ஸ்ட்ரோக்கரின் ராட் போல்ட்டுக்கு வேலை கொஞ்சம் லேசுதான்.

ஸ்ட்ரோக்கர் உடைவது வேறு இடத்தில். 3500-4500 சுற்றில் முழு பூஸ்ட் வந்து சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும்போது ராட் நசுங்கும் திசையில் வளையலாம், ஹெட் கேஸ்கெட் தூக்கலாம், கியர்பாக்ஸ் பல் போகலாம். 500 குதிரைத்திறனை 8500-இல் எடுத்தால் அந்த இடத்தில் டார்க் 413 நியூட்டன் மீட்டர். 7500-இல் எடுத்தால் 468. நடுச் சுற்றில் இடைவெளி இன்னும் பெரிதாகும். உங்கள் கியர்பாக்ஸ் கம்பெனிப் பெட்டி என்பதால் இதுதான் என்னை யோசிக்க வைக்கும் ஒரே இடம். இதற்கு வழி இருக்கிறது: ஈசியூவில் (இன்ஜினின் கணினியில்) பூஸ்டை கியர்வாரியாகவும் சுற்றுவாரியாகவும் கட்டுப்படுத்தி, 4000-இல் முழு பூஸ்டைத் திறக்காமல் 5000 வரை படிப்படியாக ஏற்ற வேண்டும். 2.3 கட்டிய பிறகு பூஸ்ட் கண்ட்ரோலில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் கியர்பாக்ஸைப் பிரிக்கிறார்கள்.

இனி சிலிண்டர் ஹெட். எல்லோரும் கிராங்கையும் ராடையும் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் சுற்றை முடிவு செய்வது ஹெட்தான். கீழ்ப்பகுதி 9000 தாங்கும் என்பதால் இன்ஜின் 9000-இல் பவர் தந்துவிடாது. இன்டேக் வால்வுகள் வழியே காற்று போதுமான அளவு வரவில்லை என்றால் 7500-க்குப் பிறகு பவர் கோடு சரியும். அதற்கு மேல் சுற்றுவது சத்தமும் தேய்மானமும் மட்டும்தான். உண்மையாக 9000-இல் பவர் வேண்டுமென்றால் போர்ட் வேலை செய்த ஹெட், நீண்ட டியூரேஷன் கேம்கள், இரட்டை வால்வு ஸ்பிரிங், லேசான ரிட்டெய்னர், குட்டையான ரன்னர் உள்ள இன்டேக் மேனிஃபோல்டு, அகலமான த்ராட்டில் எல்லாம் வேண்டும். 4ஜி63-இல் ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் பாகம்) இருக்கிறது. உயர்ந்த சுற்றில் அவை பம்ப் ஆகி வால்வை முழுதாக மூடவிடாமல் பிடித்துக்கொள்ளக் கூடும். அதனால் தொடர்ந்து 9000 ஓட்டுபவர்கள் சாலிட் வகைக்கு மாறுகிறார்கள். கிராங்க் டேம்பர் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஆயில் பேனுக்குள் தடுப்புகள் வேண்டும். பட்டியல் நீளும். 2.0-வை அப்படியே வைத்து ரெவ் லிமிட்டரை (உச்ச சுற்றுக்கான வரம்பை) மட்டும் தூக்குவது மலிவான வழி என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை முதலில் படித்துவிட வேண்டும்.

அதே ஹெட், அதே கேம்களுடன் கிராங்கை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? ஹெட்டுக்குத் தெரிவது காற்றின் வேகம் மட்டும்தான். 2.3 அதே காற்று வேகத்தை 12 சதவீதம் குறைந்த சுற்றிலேயே அடைந்துவிடும். 2.0-வில் 7500-இல் மூச்சு திணறிய ஹெட், 2.3-இல் 6600-இலேயே திணறும். ஸ்ட்ரோக்கர் மேலே இழுக்காது என்ற பெயர் வந்தது இதனால்தான். குற்றவாளி கிராங்க் இல்லை. ஹெட்டையும் டர்பைன் ஹவுஸிங்கையும் அதற்கேற்றபடி மாற்றாமல் விட்டதுதான். சிறிய டர்போவை வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கர் கட்டுவதில் எனக்கு நம்பிக்கையே இல்லை: பூஸ்ட் மிகச் சீக்கிரம் வரும், எக்ஸாஸ்ட் பக்க அழுத்தமும் சீக்கிரம் ஏறும், 6000 தாண்டியதும் இழுவை செத்துவிடும். ஸ்ட்ரோக்கரின் பலன், 2.0-வுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் டர்போவைச் சாலையில் பயன்படுத்தும்படி ஆக்குவதில் இருக்கிறது. உங்கள் டர்போ 500 குதிரைத்திறன் அளவுள்ளது என்பதால் அது இங்கே பொருந்துகிறது.

2.3-க்கும் சொந்தக் குறைகள் உண்டு. அதே பிளாக்கில் 150 மி.மீ. ராடுடன் 100 மி.மீ. கிராங்கை வைத்தால், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம் 35 மி.மீ.யிலிருந்து 29-க்குக் குறைய வேண்டும். அந்தப் பின்னின் துளை ஆயில் ரிங்கின் இடத்துக்குள் போய்விடும், கொஞ்சம் ஆயில் குடிக்கும். ராட் நீளத்துக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 1.70-இலிருந்து 1.50 ஆகிறது. ராட் அதிகம் சாய்கிறது, பிஸ்டன் சுவரை அதிகம் அழுத்துகிறது. அதிர்வும் உண்டு: நான்கு சிலிண்டர் இன்ஜினின் இரண்டாம் வரிசை அதிர்வு (கிராங்கின் ஒரு சுற்றுக்கு இருமுறை வருவது), ஒரே சுற்றில் சுமார் 29 சதவீதம் கூடும். அதை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்களையும் எடுத்துவிட்டால் 3000 சுற்றில் சாதாரணமாக ஓட்டும்போதே ஸ்டீயரிங்கில் தெரியும். பழகிவிடும், ஆனால் முன்பே தெரிந்திருப்பது நல்லது.

இதற்கு அழகான ஒரு தீர்வு இதே குடும்பத்தில் இருக்கிறது. 4ஜி64 பிளாக் 6 மி.மீ. உயரம் கூடுதல், போர் 86.5 மி.மீ. அதில் 100 மி.மீ. கிராங்க்கும் 156 மி.மீ. ராடும் போட்டால் 2351 சிசி, விகிதம் 1.56. இல்லையென்றால் 150 மி.மீ. ராடையே வைத்து, 35 மி.மீ. உயரமுள்ள பிஸ்டன் போட்டு, ரிங்குகளுக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். நீண்ட ஆயுள் வேண்டும் சாலை வண்டிக்கு நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். விகித எண்ணைப் பார்த்து மயங்குவதைவிட ரிங்குகள் நன்றாக உட்காருவது முக்கியம். அதே பிளாக்கில் 88 மி.மீ. கிராங்கும் 162 மி.மீ. ராடும் போட்டால் 2.1 லிட்டர், விகிதம் 1.84. உயர்ந்த சுற்றில் ஓட்டி விளையாட நினைப்பவர்களுக்கு உகந்த ஜோடி அது.

வேறு இன்ஜின் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஸானின் ஆர்பி26-இல் ஸ்ட்ரோக் 73.7 மி.மீ. மட்டுமே. 9000 சுற்றிலும் பிஸ்டன் வேகம் 22 மீட்டர்தான். அதை 77.7 மி.மீ. கிராங்க் போட்டு 2.8 லிட்டர் ஆக்கினாலும் 9000-இல் 23.3 மீட்டர்தான் வரும். சுற்றை விட்டுக்கொடுக்காமலேயே லிட்டரை வாங்கலாம். அங்கே கவலை ஆயில் பம்ப்பைப் பற்றியதாக இருக்கும், ஸ்ட்ரோக்கைப் பற்றியதாக இருக்காது. 4ஜி63-இல் 88 மி.மீ. ஏற்கெனவே போரைவிட நீளம். அதனால்தான் இந்த இன்ஜினில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

கம்பெனிகளும் இதே முடிவைத்தான் எடுத்திருக்கின்றன. ஹோண்டா எஸ்2000-இன் முதல் இன்ஜினில் ஸ்ட்ரோக் 84 மி.மீ., ரெட்லைன் 9000 அளவில். 2004 மாடலில் அமெரிக்கச் சந்தைக்கு 90.7 மி.மீ. ஸ்ட்ரோக் கொடுத்து 2.2 லிட்டர் ஆக்கி, ரெட்லைனை 8000-க்கு இறக்கினார்கள். டர்போ இல்லாத இன்ஜின்தான் அது. ஆனாலும் பவர் 240-ஐ ஒட்டியே நின்றது, நடுச் சுற்று டார்க் கூடியது. அந்த வண்டியை அன்றாடம் ஓட்டுபவருக்கு இரண்டாவது இன்ஜின் வசதி, பாடுவதைக் கேட்க வாங்கியவருக்கு முதலாவது.

போட்டிக்குப் போவதாக இருந்தால் விதிப்புத்தகத்தை முதலில் பாருங்கள். பல வகுப்புகளில் டர்போ இன்ஜினின் சிசியை 1.7-ஆல் பெருக்கி எந்த வகுப்பு என்று முடிவு செய்வார்கள். 300 சிசி கூடினாலே பெரிய வகுப்புக்குத் தள்ளப்படலாம். டர்போவின் வாயில் ரெஸ்ட்ரிக்டர் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வளையம்) கட்டாயம் என்றால் உயர்ந்த சுற்றுக்கு அர்த்தமே இல்லை. உலக ராலி வண்டிகளின் 2 லிட்டர் இன்ஜின்கள் 34 மி.மீ. ரெஸ்ட்ரிக்டரோடு 300 குதிரைத்திறன் அளவில் நின்றுவிட்டு, 500 நியூட்டன் மீட்டருக்கும் மேல் டார்க்கைக் கீழ்ச் சுற்றிலேயே கொடுத்தது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். லிட்டரைக் கூட்டாமலே கீழ்ச் சுற்று இழுவையை வாங்க இப்போது வழிகள் இருக்கின்றன. ட்வின் ஸ்க்ரோல் ஹவுஸிங், அதற்கேற்ற மேனிஃபோல்டு, பால் பேரிங் டர்போ, 2005-இல் லான்சர் எவல்யூஷன் 9-இல் வந்த மிவெக் ஹெட் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றக்கூடியது) ஆகிய நான்கும் சேர்ந்தால், ஸ்ட்ரோக்கர் தரும் ஸ்பூல் (பூஸ்ட் சீக்கிரம் வரும்) லாபத்தில் பெரும்பகுதி 2.0-விலேயே வந்துவிடும். உங்கள் கிராங்க் அளந்து பார்த்து நல்ல நிலையில் இருக்கிறது, மிவெக் ஹெட்டும் கையில் இருக்கிறது என்றால், கிராங்குக்குப் போகும் காசை இதில் போட்டு 2.0-வை 8000-க்குள் ஓட்டுவது என் கண்ணுக்கு 2.3-க்குச் சமமான தேர்வு.

அப்படி இல்லை, கிராங்க் எப்படியும் மாற்ற வேண்டும் என்றால் 2.3-ஐயே கட்டுங்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன், நல்ல போல்ட்டுகளோடு ஃபோர்ஜ்டு ராட், மிதமான கேம், வலுவான வால்வு ஸ்பிரிங். லிமிட்டரை 7600-இல் வையுங்கள். அங்கே பிஸ்டன் வேகம் 25.3 மீட்டர். கிராங்க், ராட், ஃபிளைவீல், பிரஷர் பிளேட் எல்லாவற்றையும் ஒன்றாக பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். புது கிராங்கின் எதிர் எடையும் ராடின் கீழ்முனையும் பிளாக்கிலும் ஆயில் ஜெட்டிலும் இடிக்கிறதா என்று, ரிங் போடுவதற்கு முன்பே கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து 100 மி.மீ. கிராங்கை 9000 வரை ஓட்டலாமே என்று யாராவது சொன்னால், அந்த இன்ஜினை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரிக்கிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.